வட்டச் சின்னங்கள் காக்கும் வரலாறு

1893ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் உலகச் சமயப் பேரவை தொடங்கியது. அப்பேரவையில் சமண சமயத்தின் சார்பில் பேசியவர், இருபத்தொன்பது வயதே நிரம்பியிருந்த வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. ஆத்மாராம்ஜி என்று போற்றப்பெற்ற ஆசாரியர் விஜயானந்த சூரி அவர்களுக்கே அழைப்பு முதலில் வந்தது. துறவற ஒழுக்கம் கடற்பயணத்துக்கு இடந்தராமையால், அவர் தமக்கு மாற்றாக இவ்விளைஞரை அனுப்பிவைத்தார். இச்செய்தியை நம்மில் பலரும் அறிவர்.

அப்பேரவை தனித்து நிகழ்ந்ததன்று. கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த நானூறாம் ஆண்டு நிறைவையொட்டி அந்நகரில் நடைபெற்ற மாபெரும் உலகப் பொருட்காட்சியோடு இணைந்தே அது கூடிற்று. மே முதல் அக்டோபர் வரை நடந்த அக்காட்சிக்கு வந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. நினைவுக்காக வெளியிடப்பட்ட அரை டாலர் நாணயத்தை ஒரு டாலர் கொடுத்து வாங்கினர். சித்திரம் பொறித்த கரண்டிகளை வாங்கினர். செப்புக் காசை உருளைகளுக்கிடையே நசுக்கி நீட்டி, அதன்மேல் காட்சியின் பெயரைப் பதித்து வாங்கினர். ஹைன்ஸ் என்னும் ஊறுகாய் நிறுவனம், பச்சை வெள்ளரிக்காய் வடிவில் ஒரு சிறு தொங்கலை இலவசமாகவே வழங்கிற்று. அதைப் பெறுவதற்காக மக்கள் மாடியேறித் திரண்டனர்.

ஆயினும், பின்னாளில் உலகமெங்கும் பரவிய ஒரு நினைவுப் பொருள் மட்டும் அங்கே இல்லை. சட்டையில் குத்திக்கொள்ளும் வட்டமான பேட்ஜ்தான் அது. அமெரிக்கர் அதனைப் பட்டன் என்பர். அது பெருகத் தொடங்குவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அச்சிறு பொருள் எவ்வாறு தோன்றியது, அதைத் தேடிச் சேர்ப்போர் உண்மையில் எதைச் சேர்க்கின்றனர், மிகுபொருள் விரும்பாமையை அணுவிரதமாகக் கொண்ட இல்லறத்தாராகிய நாம் அதிலிருந்து அறியத்தக்கது யாது என்பனவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தந்தத்துக்கு மாற்று

பேட்ஜுக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, அவர் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த உலோகப் பொத்தான்களை மக்கள் தம் மேலாடையில் தைத்துக்கொண்டனர். 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆபிரகாம் லிங்கனின் ஒளிப்படத்தை மெல்லிய இரும்புத் தகட்டில் பதித்து அணிந்தனர். ஆனால் அவற்றையெல்லாம் மிக மலிவாக, இலட்சக்கணக்கில் செய்ய இயலவில்லை. அதற்கு ஒளி ஊடுருவும் ஒரு புதிய பொருள் தேவைப்பட்டது.

அப்பொருளின் கதை நம்மவர் கருதத்தக்கது. அக்காலத்தில் மேசைக் கோற்பந்தாட்டத்துக்கான பந்துகளை யானைத் தந்தத்தால் கடைந்தனர். ஒரு தந்தத்திலிருந்து நல்ல பந்துகள் ஒரு சிலவே கிடைக்கும். தந்தம் அருகி விலையேறவே, நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு நிறுவனம், தந்தத்துக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்குப் 10,000 டாலர் பரிசளிப்பதாக 1863இல் அறிவித்தது. அச்சுத் தொழிலாளரான ஜான் வெஸ்லி ஹயட் இம்முயற்சியில் இறங்கினார். நைட்ரிக் அமிலத்தால் பதப்படுத்திய பஞ்சையும் கற்பூரத்தையும் சேர்த்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாக்கிய பொருளுக்கு 1870இல் காப்புரிமை பெற்றார். செல்லுலாய்டு என்பது அதன் பெயர். ஓர் உயிரின் தந்தம் நின்ற இடத்தில் பருத்தியும் கற்பூரமும் வந்தன.

இதனைக் கொல்லாமையின் வெற்றி என்று கூறிவிடலாகாது. விலையே காரணமாக இருந்தது, அருள் காரணமன்று. புதிய பந்துகள் தந்தப் பந்துகளை உடனே அகற்றிவிடவுமில்லை. யானை வேட்டை தொடர்ந்தது. எனினும், உயிர்வதையின்றியும் ஒரு தேவையை நிறைவேற்ற வழியுண்டு என்பதற்குச் செல்லுலாய்டு ஒரு சான்றாயிற்று. சீப்பும் பெட்டியும் பிடியும் அதனாற் செய்யப்பட்டன. அதனை மெல்லிய தாளாகச் சீவியபோது, கண்ணாடி போன்று ஒளி ஊடுருவுவதும், துணிபோல் வளைவதும் ஆகிய இரு பண்புகளும் ஒருங்கே அமைந்தன. பேட்ஜுக்கு வேண்டியது அதுவே.

ஐந்து உறுப்புகள்

நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் செல்லுலாய்டுத் தொழிற்சாலை நிலைபெற்றிருந்தது. அதே நகரில் 1892இல் தொடங்கப்பட்ட வைட்ஹெட் அண்டு ஹோக் நிறுவனம், மாநாட்டுப் பேராளர்கள் அணியும் பட்டு நாடாச் சின்னங்களைச் செய்து வந்தது. பாஸ்டன் நகரைச் சேர்ந்த அமண்டா லூகீ என்னும் பெண்மணி, பொத்தானின் முகப்பைச் செல்லுலாய்டால் மூடும் முறை ஒன்றை வகுத்திருந்தார். அந்நிறுவனம் அவ்வுரிமையைப் பெற்று, அதனோடு ஊசி பொருத்தும் முறையையும் இணைத்து, 1896இல் காப்புரிமைகளை நிறைவுசெய்துகொண்டது.

அமைப்பு மிக எளியது. அடியில் ஒரு தகர வட்டு. அதன்மேல் அச்சிட்ட தாள். தாளின்மேல் செல்லுலாய்டுப் படலம். இம்மூன்றையும் சேர்த்து அழுத்தி, பின்புறத்தில் ஓர் உலோக வளையத்தால் இறுக்குவர். வளையத்தின் உட்பள்ளத்தில் வளைந்த கம்பி ஊசி ஒன்று தன் விறைப்பினாலேயே நிற்கும். பற்றவைப்பு இல்லை, பசையும் இல்லை. தாளின் வண்ணம் படலத்தின்கீழ் மங்காது நிற்பதால், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட பேட்ஜுகள் சில இன்றும் நேற்று அச்சிட்டவை போலத் தோன்றுகின்றன.

அதே 1896ஆம் ஆண்டில் மெக்கின்லிக்கும் பிரையனுக்கும் இடையே குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. நாணயத்துக்குத் தங்கமே அடிப்படையா, வெள்ளியும் வேண்டுமா என்பதே அன்றைய பெரு வழக்கு. பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கும் குறைவான குறுக்களவுடைய வட்டங்களில் வேட்பாளர் முகங்களும் முழக்கங்களும் நாடெங்கும் பரவின. சிகரெட்டு, மெல்லும் பசை ஆகியவற்றின் விற்பனையைப் பெருக்கவும் வணிகர்கள் பேட்ஜுகளை இனாமாக வழங்கினர். சிறுவர் அவற்றைச் சேர்த்துத் தொப்பியிலும் சட்டையிலும் வரிசையாகக் குத்திக்கொண்டனர். சேகரிப்புப் பழக்கம் பேட்ஜோடு உடன்பிறந்தது என்றே கூறலாம்.

பெருவிழாக்களின் சாட்சி

1901இல் பஃபலோ நகரில் அனைத்து அமெரிக்கப் பொருட்காட்சி நடைபெற்றது. அதன் சின்னம் அழகியது: வட அமெரிக்கக் கண்டமும் தென் அமெரிக்கக் கண்டமும் இரு பெண்களாக உருப்பெற்று, ஒருவர் கையை மற்றவர் பற்றி நிற்பர். அச்சித்திரம் தாங்கிய பேட்ஜுகளை மக்கள் மகிழ்ச்சியோடு வாங்கி அணிந்தனர். செப்டம்பர் 6ஆம் நாள், அக்காட்சியின் இசை மண்டபத்தில் மக்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த குடியரசுத் தலைவர் மெக்கின்லி சுடப்பட்டார். 14ஆம் நாள் உயிர் நீத்தார். பேட்ஜுகளால் நாடறியச் செய்யப்பட்ட அதே முகம், இப்போது கறுப்பு விளிம்பிட்ட இரங்கற் பேட்ஜில் அச்சாயிற்று. 1896ஆம் ஆண்டின் தேர்தல் பேட்ஜ், 1901ஆம் ஆண்டின் காட்சிப் பேட்ஜ், அதே ஆண்டின் இரங்கற் பேட்ஜ் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஐந்தாண்டு வரலாறு உள்ளங்கையில் அடங்கிவிடும்.

அதன்பின் செயிண்ட் லூயிஸில் 1904இலும், சான்பிரான்சிஸ்கோவில் 1915இலும் நடந்த பொருட்காட்சிகளுக்கும் பேட்ஜுகள் வந்தன. முதல் உலகப் போரையொட்டிய காலத்தில் தகரத்தின்மேலேயே நேராக அச்சிட்டு வெட்டியெடுக்கும் முறை பரவியது. செல்லுலாய்டு தேவைப்படாமையால் விலை மேலும் குறைந்தது. ஆனால் அவ்வகையில் அச்சு எளிதில் கீறலுறும்.

1939இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் எதிர்கால நகரத்தைப் பொம்மை உருவில் அமைத்துக் காட்டியது. கண்டு வெளியேறிய ஒவ்வொருவருக்கும், ‘எதிர்காலத்தை நான் கண்டேன்’ என்னும் பொருள்பட எழுதிய சிறு பேட்ஜ் அளிக்கப்பட்டது. அதனை அணிந்து வெளிவந்தோருள் பலர், சில ஆண்டுகளில் உலகப் போரைக் கண்டனர். அவ்வகையில் அப்பேட்ஜ், ஒரு காலத்தின் நம்பிக்கைக்கும் அதன் பேதைமைக்கும் ஒருசேரச் சாட்சியாக நிற்கிறது.

பேட்ஜ் அறப்போருக்கும் துணைநின்றதுண்டு. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வேலைவாய்ப்பும் விடுதலையும் வேண்டி ஏறத்தாழ 2,50,000 பேர் வாஷிங்டன் நகரில் அமைதியாகத் திரண்டனர். மார்ட்டின் லூதர் கிங் தம் புகழ்மிக்க உரையை ஆற்றியது அன்றே. கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் ஒன்றையொன்று பற்றிய சித்திரத்தோடு 25 சென்டுக்கு விற்கப்பட்ட பேட்ஜ், அப்பேரணியின் செலவுக்கும் உதவியது. அகிம்சை வழியில் நின்ற ஒரு பெருங்கூட்டத்தில் தாமும் ஒருவர் என்பதைக் காட்டப் பலரிடம் இருந்த ஒரே சான்று அவ்வட்டமேயாகும். அரசு ஆவணங்களில் தலைவர்கள் பெயரே இருக்கும். உடன் நடந்தவர்களின் வரலாற்றை அவர்கள் வீட்டு இழுப்பறையே காத்தது.

சேகரிப்போர் அறம்

அமெரிக்காவில் அரசியற் சின்னங்களைச் சேகரிப்போர் சங்கம் 1945இல் தோன்றியது. தேர்ந்த சேகரிப்பாளர் பேட்ஜின் முகப்பைவிடப் பின்புறத்தையே முதலில் நோக்குவர். பழைய பேட்ஜின் உட்குழியில் செய்தவர் பெயரும் காப்புரிமை நாளும் அச்சிட்ட தாள் இருக்கும். விளிம்பின் மடிப்பில் தொழிற்சங்க முத்திரை நுண்ணெழுத்தில் காணப்படும். ஊசியின் அமைப்பு, உலோகத்தின் பழமை, தாளின் நிறம் ஆகிய யாவும் வயதை உரைக்கும்.

போலிகள் பெருகியமையால், அங்கே 1973இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பழைய அரசியற் சின்னங்களைப் போலச் செய்பவர், செய்த ஆண்டை அதன்மேல் பொறித்தே ஆகவேண்டும். போலச் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை; போலியை மெய்யென்று காட்டுவதையே தடுத்தது. பொய்யாமையும் கள்ளாமையும் ஒரு சிறு தகரத் துண்டுக்கும் பொருந்தும் என்பதை இதனால் அறியலாம்.

காக்கும் முறையும் அறியத்தக்கது. பேட்ஜை நீரில் கழுவலாகாது. விளிம்பின் வழியே ஈரம் உட்புகுந்தால் தகரம் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை படியும். அதனை நீக்க வழியில்லை. வெயில் படவும் விடலாகாது. செல்லுலாய்டு, தன்னுள் உள்ள கற்பூரத்தைப் போலவே தீயை எளிதிற் பற்றும் இயல்புடையது. ஆதலால் அடுப்பருகிலும் விளக்கருகிலும் வைத்தல் கூடாது. பின்வந்தவற்றில் தீப்பற்றும் இயல்பு குறைந்த பிளாஸ்டிக் படலங்களே பயன்படுகின்றன.

இவை யாவற்றினும் முதன்மையானது குறிப்பு. எந்த விழா, எந்த ஊர், எந்த நாள், அணிந்தவர் யார் என்னும் நான்கும் எழுதிவைக்கப்பட்ட பேட்ஜ் வரலாற்று ஆவணம். அக்குறிப்பை இழந்த பேட்ஜ், வண்ணம் தீட்டிய தகரம் மட்டுமே.

பற்றும் காவலும்

இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. பொருள் சேர்ப்பதற்கு வரையறை வகுத்துக்கொள்வது நம் விரதமாயிற்றே. சேகரிப்பு அதற்கு முரணாகாதா? முரணாகவும் கூடும். ஒரே பேட்ஜின் நூறு வகைகளைப் பிறரிடமில்லை என்னும் செருக்கோடு பூட்டிவைப்பது, பொருள் சிறிதாயினும் பரிக்கிரகமே. பொருளினும் அதன்மீது கொள்ளும் மயக்கத்தையே பரிக்கிரகத்தின் இலக்கணமாகத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. ஆனால் தனக்கென்று கருதாமல், பின்வருவோர் அறியவேண்டும் என்று ஒன்றைக் காத்து, உரிய இடத்தில் ஒப்படைப்பது அவ்வாறன்று. நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்துச் சாத்திர தானமாக வழங்கியதை எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் சுவடிகளைச் சேர்த்ததும் காத்ததும் உடைமையாக்கிக்கொள்ள அன்று, வழங்குவதற்கே. எனவேதான் அவை நம் கைக்கு வந்து சேர்ந்தன.

இவ்வளவு சிந்தித்தபின் நம் இல்லங்களை நோக்குவது பொருந்தும். 1974ஆம் ஆண்டில், பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி, சமணப் பிரிவுகள் யாவும் ஒருமித்துப் பொதுச் சின்னம் ஒன்றை ஏற்றன. உலக வடிவும், ஸ்வஸ்திகமும், மும்மணிகளைக் குறிக்கும் மூன்று புள்ளிகளும், சித்தசிலையும், அபயம் காட்டும் கையும் அதில் அமைந்துள்ளன. விழா அழைப்பிதழ்களிலும் தொண்டர் பேட்ஜுகளிலும் இன்று நாம் காண்பது அச்சின்னமே. மேல்சித்தாமூருக்கும் பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் விழாவுக்குச் சென்று திரும்பும்போது சட்டையிலிருந்து கழற்றி எறியும் பேட்ஜுகள் எத்தனை! எண்ணிக்கையால் சிறிய சமுதாயத்துக்கு, கூடிநின்ற நாள்களின் சான்று ஒவ்வொன்றும் பெரிது. யார் தேர்வடம் பிடித்தனர், யார் உணவு பரிமாறினர், எந்த ஊரார் வந்திருந்தனர் என்பதை நூல்கள் எழுதுவதில்லை.

ஆகவே பெரியோர்களிடமும் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். இவ்விழாவில் தங்களுக்கு அளிக்கப்பெறும் சின்னத்தை வீடு திரும்பியதும் ஒரு சிறு காகித உறையில் இடுங்கள். விழாவின் பெயர், ஊர், நாள், அணிந்தவர் பெயர் ஆகிய நான்கையும் உறையின்மேல் எழுதுங்கள். வீட்டில் முன்னரே இருப்பவற்றுக்கும், நினைவுள்ள முதியோரைக் கேட்டு இன்றே எழுதுங்கள். நாளை கேட்பதற்கு அவர்கள் இருப்பார்கள் என்னும் உறுதியில்லை. ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு, மிகுந்தவற்றை ஊர்ச் சினாலயத்திடமோ அறக்கட்டளையிடமோ ஒப்படையுங்கள்.

வீர்சந்த் காந்தி நம் அறத்தை எடுத்துரைத்த அதே சிகாகோ நகரில், இன்று இவ்வட்டச் சின்னங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் உரையாற்றிய நாளில் அவை பிறந்திருந்தால், அவர் சட்டையில் அணிந்த பேட்ஜ் ஒன்றை நாம் இன்று கண்ணாற் காண முடிந்திருக்கலாம். நம் விழாக்களின் சின்னங்களோ நம் கையிலேயே இருக்கின்றன. அவற்றைக் காத்து, குறிப்பெழுதி வழங்குவது நம் கடமையாகும்.