செம்மண் மேடு கற்றுத்தரும் தோட்டப் பாடம்

நகரத்து வீடுகளின் பின்கொல்லை பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றையே அடைகிறது. உடைந்த ஓடுகளும் கட்டட இடிபாடுகளும் சேரும் குப்பைமேடாகிறது. அல்லது "இந்த மண்ணில் எதுவும் முளைக்காது" என்று கூறி சிமெண்ட் பூசப்படுகிறது. எதுவும் முளைக்காது என்று கைவிடப்பட்ட ஒரு பெருநிலம் காடாக மாறிய வரலாறு, மரக்காணம் உப்பளக் கரைக்குத் தெற்கே, குயிலாப்பாளையத்தை ஒட்டியே நிகழ்ந்திருக்கிறது. கொல்லையைச் சீர்செய்ய விரும்பும் நம் குடும்பங்கள் அதை அறிந்துகொள்வது நலம்.

1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஆரோவில் நகரம் அங்கே தொடங்கப்பட்டபோது, அந்த மேட்டுநிலம் வெறும் செம்மண் வெளியாக இருந்தது. ஆங்காங்கே பனைகள் நின்றன. முற்காலத்தில் அங்கிருந்த உலர் பசுமைமாறாக் காடு, மரத்திற்காகவும் விறகிற்காகவும் பல தலைமுறைகளாக வெட்டப்பட்டுவிட்டது. மூடாத மண்ணை ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகை மழையும் அரித்து, ஆழமான ஓடைகளைப் பறித்து, வங்கக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அங்கு குடியேறியவர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்து உழைப்பாளிகளும் செய்த பணியின் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் வரப்புகள் எழுப்பி, ஓடைகளில் சிறு தடுப்பணைகள் கட்டி, மழைநீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். அடுத்து, ஆடு மாடுகள் மேயாதபடி வேலியடைத்து, வறட்சியைத் தாங்கி விரைந்து வளரும் ஆஸ்திரேலிய வேல மர வகையை நட்டார்கள். அதன் சருகு மண்ணை மூடி உரமாயிற்று. அந்த நிழலில்தான் கருங்காலி, உலக்கைப் பாலை, வீரை, காயா போன்ற மண்ணின் மரங்கள் வளர்ந்தன. அவற்றின் விதைகள், அழியாமல் எஞ்சியிருந்த பழைய கோயில் காடுகளிலிருந்து சேகரிக்கப்பட்டன.

விரைந்து வளர்ந்தவை நிலைத்து நிற்பவை அல்ல என்பதையும் அந்நிலம் காட்டியது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் வீசியபோது, அந்த வேல மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. மண்ணைத் தயார்செய்யும் செடி வேறு, தலைமுறைக்கு நிற்கும் மரம் வேறு.

நகரத்திற்கும் இம்முறை பொருந்தும். ஆரோவிலில் 1973 முதல் வளர்க்கப்பட்ட பிச்சாண்டிக்குளம் காட்டின் அனுபவம் பெற்றவர்களே, சென்னையில் குப்பையும் இடிபாடும் நிறைந்திருந்த அடையாற்று உப்பங்கழியின் 58 ஏக்கரை மீட்டெடுக்கும் பணியிலும் ஈடுபட்டார்கள். 2011 ஜனவரியில் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கும் குப்பையை அகற்றி, நீருக்கு வழிவிட்ட பின்னரே மரங்கள் நடப்பட்டன.

நம் கொல்லைக்கும் இதே வரிசை போதும். செலவும் மிகக் குறைவு. முதலில் இடிபாடுகளை அகற்றுங்கள். முழுச் செங்கற்களைப் பாத்தி ஓரத்திற்கு வைத்துக்கொண்டு, உடைசல்களை ஒரு குழியிலிட்டு, கூரைநீரை அதில் இறங்கச் செய்யுங்கள். பின்னர் மண்ணை லேசாகக் கொத்தி, மழைக்கு முன் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதையுங்கள். பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில், அதை மடக்கி மண்ணில் புதைத்தால் அதுவே உரம். காய்கறித் தோலையும் சருகையும் வீசாமல் மண்ணின்மேல் பரப்புங்கள். அதன் பிறகு நடுங்கள். முருங்கைப் போத்து, மருதாணிக் குச்சி, கறிவேப்பிலைக் கன்று ஆகியவை அண்டை வீட்டில் கேட்டாலே கிடைக்கும். உளூச் செய்த தண்ணீரில் சோப்பு இல்லை. அது சாக்கடைக்குப் போகாமல் வாழையின் அடிக்குப் போகட்டும்.

கடற்கரையோர ஊர்களில் இது அழகுக்கான வேலை மட்டுமன்று. மழைநீர் உள்ளே இறங்காமல் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தால், கிணற்றில் கடலின் உப்பு ஏறும். சிமெண்ட் பூசிய ஒவ்வொரு கொல்லையும் தன் பங்கு மழைநீரைத் தெருவில் தள்ளிவிட்டு, அண்டை வீட்டாரின் கிணற்றுக்கும் குறை வைக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் இதைச் சிறிய விஷயமாகக் கருதலாகாது.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ உண்பது நட்டவருக்கு ஸதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். அந்த நன்மைக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை. பத்தடிக்குப் பத்தடிக் கொல்லையும், வரும் மழைக்கு முன் ஒரு வார உழைப்பும் போதும், இன்ஷா அல்லாஹ்.