கத்தரிக்கோலுக்குத் தடா!

டிசம்பர் பிறந்தால் போதும். நர்சரி ஸ்கூல் டைரிகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: 'நாளை கிறிஸ்துமஸ் கிராஃப்ட் கொண்டு வரவும்.' அன்று ராத்திரி பத்து மணிக்கு நம் வீடுகளில் நடக்கும் கூத்து உங்களுக்குத் தெரியாததா? அப்பா கலர் பேப்பர் வெட்டுவார். அம்மா கோந்து தடவுவார். சம்பந்தப்பட்ட குழந்தை? அது எட்டரைக்கே தூங்கிப் போயிருக்கும்!

என் மகள் யு.கே.ஜி. படித்தபோது நானும் இப்படி நட்சத்திரம் வெட்டியவன்தான். பிசிறு இல்லாமல் வெட்டினேன். ஸ்டார் போட்டு, 'வெரி குட்' எழுதி அனுப்பினார்கள். மகள் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, நான் எப்போ வெட்டறது?"

பி.காம். படித்தும் என்ன பிரயோஜனம்? அந்த 'வெரி குட்'டை யார் கணக்கில் வரவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் கேட்ட கேள்விக்காகவே வாழ்நாளைச் செலவழித்த ஒரு மனுஷர் இருந்தார். எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்கிறோமே, அதில் நடுவில் நிற்கும் 'கே' அவர் வைத்ததுதான். கிண்டர்கார்ட்டன். அதாவது, குழந்தைகள் தோட்டம்!

ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபல். 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். ஒரு வயது நிறைவதற்குள் தாயை இழந்தார். அப்பாவுக்குத் திருச்சபை வேலையே சரியாக இருந்தது. சித்திக்கு இந்தப் பிள்ளை மேல் ஒட்டுதல் இல்லை. பத்து வயதில் தாய்மாமன் வந்து அழைத்துப்போகும் வரை, கவனிக்க ஆளில்லாமல் வளர்ந்த குழந்தை. பின்னாளில் உலகத்துக் குழந்தைகளையெல்லாம் கவனிக்க ஆசைப்பட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா என்ன?

1837-ல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு நிலையம் ஆரம்பித்தார். 1840-ல் அதற்கு 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் சூட்டினார். அங்கே மனப்பாடம், பிரம்பு எதுவும் கிடையாது. பாட்டு, விளையாட்டு, தோட்ட வேலை. பந்து, உருளை, மரக்கட்டைகள் கொடுத்தார். அவற்றுக்குப் 'பரிசுகள்' என்று பெயர். அடுத்து வந்தவை 'வேலைகள்'. காகிதத்தை மடிப்பது, வெட்டுவது, பாய் முடைவது போலப் பின்னுவது!

வெட்டுவதில் ஓர் அழகான விதி இருந்தது. சதுரக் காகிதத்தை மடித்து வெட்ட வேண்டும். பிரித்தால் ஒரு வடிவம் வரும். வெட்டி விழுந்த துண்டுகளைக் குப்பையில் போடக்கூடாது. அவற்றையும் அந்த வடிவத்தைச் சுற்றி ஒழுங்காக அடுக்கி, கோலத்தை முடிக்க வேண்டும். கை பழகும், கூடவே கணக்கும் பழகும்!

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதானே கேட்கிறீர்கள்? பிரஷ்ய அரசாங்கத்துக்கு இருந்தது.

1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. எப்படியோ அடக்கிவிட்டார்கள். ஆனால் பயம் போகவில்லை. எதைப் பார்த்தாலும் சதி. ஃப்ரோபலின் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபல் முற்போக்கு ஆசாமி. பெண்கள் கல்வி பற்றியும் கிண்டர்கார்ட்டன் பற்றியும் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிரஷ்ய அமைச்சர் ஃபான் ரௌமர் சித்தப்பாவையும் மகனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார். 1851 ஆகஸ்ட் 7-ம் தேதி உத்தரவு பறந்தது. கிண்டர்கார்ட்டன்கள் நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் வளர்க்கின்றனவாம். எல்லாவற்றையும் இழுத்து மூடு!

நாலு வயதுக் குழந்தை காகிதம் வெட்டினால் ராஜ்ஜியம் கவிழ்ந்துவிடும் என்று ஓர் அரசாங்கம் பயந்திருக்கிறது, பாருங்கள்.

'ஐயா, அவன் வேறு, நான் வேறு' என்று கிழவர் எவ்வளவோ எழுதிப் பார்த்தார். தவறு தெரிந்த பிறகும் தடை விலகவில்லை. மறு வருஷம், 1852 ஜூன் 21 அன்று, ஃப்ரோபல் கண்ணை மூடினார். தடை நீங்கியது 1860-ல். பார்ப்பதற்கு அவர் இல்லை. ஷ்வைனா என்ற ஊரில் அவர் கல்லறை மேல் கனசதுரம், உருளை, பந்து என்று அவருடைய பரிசுகளையே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

தடை என்ன ஆச்சு தெரியுமா? அவரிடம் பயின்ற பெண்கள் நாடு நாடாகக் கிளம்பிவிட்டார்கள். லண்டனில் 1851-லேயே ஒரு கிண்டர்கார்ட்டன் வந்துவிட்டது. 1856-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஜெர்மனியிலிருந்து போன மார்கரெத்தே ஷுர்ஸ் இன்னொன்று தொடங்கினார். பரோனஸ் மாரன்ஹோல்ட்ஸ்-பியூலோ என்ற சீமாட்டி ஐரோப்பா முழுக்கப் பிரசாரம் செய்தார். கூடவே கலர் காகிதமும் கத்தரிக்கோலும் பயணப்பட்டன.

நம் ஊருக்கும் வந்தன. காகிதத்தை மடித்தே ஜியோமிதி கற்பிக்கும் புத்தகம் ஒன்று 1893-ல் மதராஸில் வெளியானது. எழுதியவர் டி.சுந்தர ராவ். இந்த யோசனையைத் தந்ததே கிண்டர்கார்ட்டனின் எட்டாவது 'பரிசு'தான் என்று முன்னுரையில் சொல்கிறார். அந்தக் கட்டில் இருந்தவை 200 கலர் காகிதச் சதுரங்கள்!

சரி, கிறிஸ்துமஸ் எங்கே வந்தது?

ஜெர்மன் வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் ரொம்பக் காலமாக உண்டு. 1848-ல் விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்தது. அப்புறம் இங்கிலாந்திலும் அது ஃபேஷன். மரம் இருந்தால் அலங்காரம் வேண்டுமே? கண்ணாடிக் குண்டு வாங்கப் பணம் வேண்டும். காகிதத்துக்கு அதெல்லாம் வேண்டாம்!

டென்மார்க்கில் ஒரு கத்தரிக்கோல் மன்னர் இருந்தார். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். ஆமாம், சாட்சாத் குழந்தைக் கதை மன்னரேதான். கதை சொல்லிக்கொண்டே பெரிய கத்தரிக்கோலால் மடித்த காகிதத்தை வெட்டுவார். முடிவில் பிரித்துக் காட்டினால் கோட்டை, அன்னம், நடனப் பெண் என்று விரியும். 1844 டிசம்பரில் வெளிவந்த அவருடைய தேவதாரு மரக் கதையிலேயே, கலர் காகிதத்தில் வெட்டிய வலைப் பைகளில் மிட்டாய் தொங்குகிறது. 1860-ல் அவர் பின்னிய காகித இதயம் ஒன்று ஆஸ்லோவில் பத்திரமாக இருக்கிறது. பின்னிய இதயங்களில் இப்போது தெரிந்தவரை மிகப் பழையது அதுதான்.

டேனிஷ்காரர்கள் 'யூலஹியர்டே' என்கிறார்கள். கிறிஸ்துமஸ் இதயம். 1871-ல் ஒரு கைவேலைப் பத்திரிகை செய்முறையே போட்டுவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு பரவி, நார்வே மழலைப் பள்ளிகளுக்கும் போனது. 'சின்னக் கைகளுக்கு நல்ல பயிற்சி' என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

அந்தப் பயிற்சி எங்கே இருக்கிறது? சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என்று இரண்டு காகிதம். இரண்டாக மடித்து, திறந்த முனையை அரை வட்டமாக வெட்ட வேண்டும். மடிப்புப் பக்கத்திலிருந்து நேர்க் கீறல்கள். கீறலின் நீளம் காகிதத்தின் அகலத்தைவிடத் துளி அதிகம். பிறகு, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை நுழைத்து நுழைத்துப் பின்ன வேண்டும். மேலே கீழே பின்னினால் வெறும் பாய். உள்ளே நுழைத்தால் திறக்கும் கூடை. மிட்டாய் போடலாம்!

மூன்று வயதில் குழந்தையால் 'சிக்' என்று ஒரு வெட்டு வெட்ட முடியும். அதற்கு ஒல்லியான காகிதப் பட்டை போதும். துண்டுகளை வளையமாக ஒட்டினால் காகிதச் சங்கிலி. நாலு வயதில் நேர்க்கோடு. ஐந்தையொட்டி வட்டம். கட்டைவிரல் மேலே இருக்க வேண்டும். வெட்டும் கை திரும்பக் கூடாது. மற்றக் கைதான் காகிதத்தைத் திருப்ப வேண்டும். மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், கொஞ்சம் தடித்த காகிதம். பென்சில் பிடிக்கப்போவதும் இதே விரல்கள்தான். இதயத்தில் இருக்கும் பெரிய பாடம் எது தெரியுமா? கோடு முடியும் இடத்தில் நிறுத்துவது. வெட்டுவது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

பிரஷ்ய அரசாங்கம் குழந்தையின் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்க உத்தரவு போட்டது. ஒன்பது வருஷத்தில் தோற்றது. நாம் எந்த உத்தரவும் போடுவதில்லை. 'நீ தூங்கு கண்ணு, அப்பா வெட்டித் தரேன்' என்று ஆசையாகப் பிடுங்கிக்கொள்கிறோம்.

அடுத்த டிசம்பரில் கத்தரிக்கோலை மகளிடமே கொடுத்தேன். ஒரு பக்கம் குண்டாக, ஒரு பக்கம் ஒல்லியாக ஒரு இதயம் வந்தது. 'வெரி குட்' வரவில்லை. அதனாலென்ன? வெட்டி விழுந்த துண்டுகளைப் பெருக்கித் தள்ளப் போனேன்.

"போடாதப்பா, அதுவும் வேணும்" என்றாள்.