நூலக ஆய்வுப் பயிற்சி (ஆங்கிலம் பயில்வோர்க்குரியது)

வேறு தாய்மொழியுடையராய் ஆங்கிலம் கற்றுவரும் மாணாக்கர்க்கு, நூல்களையும் சஞ்சிகைக் கட்டுரைகளையும் தேடிக் கண்டு, அவற்றின் தரத்தை ஆராய்ந்து, மேற்கோள் முறை வழுவாது பயன்படுத்தும் திறனை நூலகரும் மொழியாசிரியரும் கூடிப் புகட்டும் போதனை முறை. அமெரிக்கக் கல்லூரிகளில் இது பெரிதும் வழக்கிலுள்ளது. 1974இல் பால் சுர்கோவ்ஸ்கி முன்வைத்த ‘தகவல் எழுத்தறிவு’ (தகவலைத் தேடி ஆராய்ந்து பயன்படுத்தும் திறன்) என்னும் கருத்தைத் தழுவி, அந்நாட்டின் கல்லூரி, ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் 2000இல் தகுதி நியமங்களை வகுத்தது. 2016இல் அவற்றின் இடத்தில் புதியதொரு கருத்துச் சட்டகத்தை ஏற்றது.

இம்மாணாக்கருள், நூலடுக்குகளுக்குள் வாசகர் செல்ல இடந்தராத நூலகங்களில் பழகியவர்க்குத் தாமே நூலைத் தேடி எடுப்பதே புதிய அனுபவமாகும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசாம்ச வகுப்பு முறையில் 512.13 என்னும் எண் 512.2 என்பதற்கு முன்னே நிற்பது, பதின்மூன்றை இரண்டினும் பெரிதென்று கொள்வாரைத் திகைக்கச் செய்யும். ‘கார்’ என்று தேடுவோர்க்குக் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பொருட்டலைப்புப் பட்டியல் ‘ஆட்டோமொபைல்’ என்னும் சொல்லையே விதித்திருப்பதால், ஒருபொருட்பன்மொழிகளைத் தொகுத்துக்கொண்டு தேடத் தொடங்குதல் பயிற்சியின் முதற்படியாகின்றது. எளிய நடையில் நிதானமாகப் பேசுதல், கலைச்சொற் பட்டியலை முன்கூட்டியே வழங்குதல், செய்து காட்டியபின் மாணாக்கரைக் கொண்டே செய்வித்தல், பின்னணி அறிவுக்குத் தாய்மொழி நூல்களையும் அனுமதித்தல் ஆகியவை இதன் பிரதான உபாயங்கள்.