பூட்டிக்கொள்வதா, விக்கிப் பார்ப்பதா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கம்பங்கள் சாய்ந்து, கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இப்படிப் படுத்த ஃபீடரை யாரும் ஒரே மூச்சில் போட்டுவிட மாட்டார்கள். பகுதி பகுதியாகப் பிரித்து, ‘ட்ரையல்’ கொடுத்து, லைன் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நிற்காவிட்டால் லைன்மேன் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். மெல்லத் தொடங்குவது, கோளாறுக்குப் பின் எழுவது என்ற இந்த இரண்டு வேலைகளும் தீப்பெட்டி அளவு ஸ்விட்சிங் ரெகுலேட்டருக்கும் உண்டு.

முதல் வேலையின் கணக்கு எளிது. அவுட்புட்டில் உள்ள 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 1 மில்லிசெகண்டில் 5 வோல்ட்டுக்கு ஏற்றினால், அதற்கு மட்டுமே 5 ஆம்பியர் போய்விடும். 10 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் அரை ஆம்பியர் போதும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஷார்ட் ஆன பிறகு என்ன செய்வது என்பதில்தான் இரண்டு கட்சிகள்.

கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் பூட்டிக்கொள்ளும் ரகம். ஷார்ட் ஆனதும் நின்றுவிடும். ஷார்ட்டை எடுத்தாலும் தானாக எழாது. ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டும். எரிச்சலாக இருந்தாலும் நியாயமான குணம், ஏனென்றால் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்.

விக்கல் ரகம் அப்படி ஓயாது. யூசி3842 ஐசி போட்ட பவர் சப்ளையைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது பழக்கம். ஐசிக்கு வரும் சப்ளை 16 வோல்ட்டைத் தொட்டதும் அது கிளம்பும். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நிற்கும். ஓடும்போது அதற்கு மின்சாரம் தருவது டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள ஒரு சிறு வைண்டிங். அவுட்புட் ஷார்ட் ஆனால் அந்த வைண்டிங்கும் சோர்ந்துபோக, ஐசி நின்றுவிடும். ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் வழியாக ஐசியின் சப்ளைக் கெபாசிட்டர் மெதுவாக நிரம்ப, மறுபடி கிளம்பும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘டிக் டிக்னு அடிக்குது’ என்கிறார்கள். அவுட்புட்டில் ஒரு கோளாறும் இல்லாமலே இந்த டிக் டிக் வந்தால், அந்தச் சின்னக் கெபாசிட்டர் காய்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

எது மேல் என்பது இடத்தைப் பொறுத்தது. சிதம்பரத்தைத் தாண்டி, கிள்ளை, பிச்சாவரம் பக்கம் உப்பங்கழி ஓரத்தில் கம்பத்தில் ஏற்றிய ஒரு சென்சார் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் கனெக்டரில் ஈரம் இறங்கி, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடலாம். பூட்டிக்கொள்ளும் ரகமாக இருந்தால் அதற்காக ஒருவர் சேற்றில் நடக்க வேண்டும். 10 மில்லிசெகண்ட் முயன்று 490 மில்லிசெகண்ட் ஓய்வெடுக்கும் விக்கல் ரகத்தில் ஷார்ட் நீடித்தாலும் பெரிதாகச் சூடேறாது. அவ்வளவு நேரமும் சேர்த்து 2 சதவீதம்தான் வேலை. அங்கே என் ஓட்டு விக்கலுக்கே. லித்தியம் பேட்டரி சார்ஜர் என்றால் விக்கலுக்கு ஓட்டுப் போட மாட்டேன். வயலில் அறுந்து விழுந்த கம்பிக்குத் திரும்பத் திரும்ப ட்ரையல் கொடுப்பது எவ்வளவு ஆபத்தோ, அவ்வளவு ஆபத்து அது. சில தடவை முயன்றுவிட்டுப் பூட்டிக்கொள்ளும் நடுவழியும் உண்டு. ஃபீடர்களில் வைக்கும் ஆட்டோ ரீக்ளோசர் செய்வது அதைத்தான்.

ஆனால் இரண்டு கட்சியும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. எழும்போது மறுபடி மெல்லத்தான் எழுகிறதா? நம்மூர் இன்வெர்ட்டர்களில் அடிக்கடி காணும் எஸ்ஜி3525 ஐசியில், மெல்லத் தொடங்க வைக்கும் 8ஆம் பின் கெபாசிட்டரை 50 மைக்ரோஆம்பியர் நிரப்புகிறது. 10ஆம் பின்னுக்கு ஷட்டவுன் சிக்னல் வந்தால் பல்ஸ் உடனே நின்றுவிடும். கெபாசிட்டர் காலியாவது மட்டும் மெதுவாக நடக்கும். சிக்னல் நொடிப்பொழுதில் விலகினால் கெபாசிட்டர் பாதிக்கு மேல் நிரம்பியே இருக்கும். அடுத்த தொடக்கத்தில் மென்மை இருக்காது. ஷார்ட் இருந்த நேரமெல்லாம் எர்ரர் ஆம்ப்ளிஃபயர் ‘இன்னும் கொடு’ என்று உச்சத்தில் நிற்கும் சர்க்யூட்டில், ஷார்ட் விலகிய கணத்தில் 5 வோல்ட் லைன் எகிறிவிடும். ரெகுலேட்டர் தப்பித்துவிடும்; அதை நம்பி அடுத்து உட்கார்ந்திருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் போய்விடும்.