ஆண் பாலியல் செயல்பாட்டு நரம்பு வழிகள்

மூளையையும் தண்டுவடத்தையும் ஆணுறுப்போடு இணைத்து, விறைப்பு, விந்து வெளியேற்றம், தொடுவுணர்வு ஆகியவற்றை ஆளும் நரம்புத் தொகுதிகள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. தண்டுவடத்தின் கீழ்முனையிலுள்ள திரிகப் பகுதியின் 2 முதல் 4 வரையான கூறுகளில் தொடங்கும் எதிர்ப்பரிவு நரம்புகள், அதாவது உடல் ஓய்ந்திருக்கும்போது மேலோங்கித் தாமே இயங்கும் நரம்புகள், குருதிக் குழாய்களைத் தளர்த்தி விறைப்பை உண்டாக்குகின்றன. தண்டுவடத்தின் கீழ் மார்புக் கூறுகளிலும் மேல் இடுப்புக் கூறுகளிலும் தொடங்கும் பரிவு நரம்புகள், அதாவது உடல் செயலுக்கு ஆயத்தமாகும்போது மேலோங்கும் நரம்புகள், விந்தை உந்துவதோடு விறைப்பைத் தணிக்கவும் செய்கின்றன. பியூடெண்டல் நரம்பு தொடுவுணர்வைத் தண்டுவடத்துக்குக் கொண்டு செல்கிறது. அச்சமும் பதற்றமும் பரிவு நரம்புகளைத் தூண்டுவதால், நரம்பில் பழுதில்லாதவருக்கும் விறைப்பு தடைபடுவதுண்டு.

தமிழ் மரபில் ஆண் பாலியல் செயல்பாடு யோக நூல்களில் பேசப்பட்டது. திருமூலரின் திருமந்திரம், மூன்றாம் தந்திரத்தின் பரியங்க யோகம் என்னும் பகுதியில், கூடலின்போது விந்தைக் கட்டி நிறுத்தும் முறையை விளக்குகிறது. யோகியர் கூறும் இடைகலை, பிங்கலை, சுழுமுனை என்னும் நாடிகள் உயிர்மூச்சின் வழிகளாகக் கொள்ளப்பட்டவை. அறுவையாளர் காணும் நரம்புகளோடு அவற்றை ஒன்றாக வைத்து எண்ணுவதற்கில்லை.

ஜெர்மானிய உடலியலாளர் எக்கார்டு 1863இல் நாய்களின் இடுப்புக்கூட்டு நரம்புகளை மின்னோட்டத்தால் தூண்டி விறைப்பை உண்டாக்கிக் காட்டினார். எனினும் மனிதரிடத்தில் அந்நரம்புகள் செல்லும் தடம் தெளிவாகாததால், புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய்க்காக முழுமையாக அகற்றிய அறுவைகளில் அவை அறுபட்டு, நோயாளர் பெரும்பாலும் ஆண்மையை இழந்தனர். 1981இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் சிறுநீரியல் மருத்துவர்களான டொங்கரும் அமெரிக்கரான வால்ஷும் இறந்து பிறந்த ஆண் சிசுவின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது, அந்நரம்புகள் சுரப்பியின் உறைக்கு வெளியே செல்வது புலப்பட்டது. அதை ஆதாரமாகக் கொண்டு 1982இல் பால்டிமோரில் வால்ஷ் நரம்பைக் காக்கும் அறுவையைச் செய்தார். நரம்பு முனைகள் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடே ஆணுறுப்பின் குருதிக் குழாய்த் தசையைத் தளர்த்துகிறது என்பது பின்னர் உறுதிப்பட்டது. அதன் விளைவை நீட்டிக்கும் சில்டெனாஃபில் என்னும் மருந்து 1998இல் விற்பனைக்கு வந்தது.

இடுப்புக்கூட்டு நரம்புகள் இன்று மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறியலின் பகுதியாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் விறைப்புக் குறைவு எதுவாயினும் நரம்புத் தளர்ச்சி என்று அழைத்து, அதற்கு விந்து இழப்பைக் காரணமாக்கும் நம்பிக்கை தமிழகத்தில் இன்னும் வழங்குகிறது. விந்து இழப்பால் நரம்பு கெடுவதில்லை. நெடுநாள் கட்டுப்படாத சர்க்கரை நோய் நரம்பைக் கெடுக்கும். உறக்கத்திலும் விடியலிலும் விறைப்பு இயல்பாக நிகழுமாயின் நரம்பும் குருதிக் குழாயும் பெரும்பாலும் நலமாயிருப்பதாகக் கொண்டு, மருத்துவர் மனக்காரணத்தை முதலில் ஆராய்வர்.