தமிழ்நாட்டில் கல்லூரி நுழைவுத் தேர்வுகளும் கல்விச் செலவும்

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பலமுறை மாறியுள்ளது. மெட்ரிகுலேஷன், நேர்காணல், மாநில நுழைவுத் தேர்வு, பிளஸ் 2 மதிப்பெண், நீட் என அம்மாற்றங்கள் தொடர்ந்தன. ஒவ்வொரு மாற்றமும் தகுதியை அளப்பது பற்றிய விவாதமாகவே தொடங்கியது. ஆனால் படிப்புக்கான செலவை யார், எந்தக் கட்டத்தில் சுமப்பது என்பதும் அதனுடன் சேர்ந்தே மாறியது. தேர்வு முறையின் வரலாற்றையும் செலவின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான் இன்றைய நிலை விளங்கும்.

தொடக்க காலம்

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பியவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற வேண்டும். அக்காலத்தின் நுழைவுத் தேர்வு அதுவே. அது ஆங்கிலத்தில் நடந்தது. எனவே ஆங்கிலப் பள்ளிக்குக் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் அத்தேர்வை எழுதினர். தேர்வு அனைவருக்கும் பொதுவானதாக இருந்தும், அதை எழுதும் நிலைக்கு வருவதற்கான செலவு பலருக்கு எட்டாததாக இருந்தது. இந்த முரண்பாடு பின்னர் வந்த எல்லா முறைகளிலும் வெவ்வேறு வடிவில் தொடர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ரிகுலேஷன் தேர்வின் இடத்தைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.எஸ்.எல்.சி. பிடித்தது. 1944ஆம் ஆண்டில் அன்றைய இந்திய அரசு, பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. இது இன்றளவும் நடைமுறையில் உள்ளது.

வகுப்புவாரி ஆணையும் நேர்காணலும்

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணைப்படி கல்லூரி இடங்கள் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது அந்தப் பகிர்வு. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த ஆணை செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15(4) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கல்வியில் இட ஒதுக்கீடு வழங்குவதற்கு அப்பிரிவே அடிப்படையாயிற்று.

அடுத்த முப்பது ஆண்டுகளில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணல் பெரும்பங்கு வகித்தது. 1970-71ஆம் ஆண்டுச் சேர்க்கையில் பாட மதிப்பெண்ணுக்கு 200, நேர்காணலுக்கு 75 என வைக்கப்பட்டிருந்தது. தேர்வுக் குழுவினர் சில நிமிடங்கள் பேசிப் போடும் மதிப்பெண், படிப்பின் பலனை மாற்றிவிட முடியும் என்ற நிலை இருந்தது. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறையின் குறைகளைச் சுட்டிக்காட்டியது. கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்துத் தேர்ந்தெடுத்ததையும் அது ஏற்கவில்லை. பரிந்துரைக் கடிதம் வாங்கித் தர ஆளில்லாத குடும்பங்களுக்கு நேர்காணல் ஒரு தடையாகவே தெரிந்தது.

மாநில நுழைவுத் தேர்வு (1984 - 2006)

1978ஆம் ஆண்டில் கல்லூரியின் புகுமுக வகுப்பு நீக்கப்பட்டு, பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. முதல் பிளஸ் 2 பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. சிற்றூர் மாணவர் பலருக்கு இது பெரிய சேமிப்பு. நகரத்துக் கல்லூரிக்குப் போய், விடுதிக் கட்டணம் செலுத்திப் படித்த புகுமுக வகுப்பின் பாடங்களை இனி அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியிலேயே படிக்கலாம் என்றாயிற்று.

1984ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு அறிமுகமானது. நேர்காணலின் மீதிருந்த ஐயத்தைப் போக்கும் நேர்மையான மாற்றாக அது பார்க்கப்பட்டது. பின்னாளில் நிலைபெற்ற கணக்கின்படி பிளஸ் 2 பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என மொத்தம் 300 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை தயாரிக்கப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. இடங்கள் பெருகின, நன்கொடை வசூலும் பெருகியது. 1992இல் தமிழ்நாடு அரசு நன்கொடைத் தடைச் சட்டத்தை இயற்றியது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கின் தீர்ப்பு, தனியார் கல்லூரி இடங்களைக் குறைந்த கட்டணம் கொண்ட இலவச இடங்கள், கூடுதல் கட்டணம் கொண்ட இடங்கள் எனச் சரிபாதியாகப் பிரித்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் இத்திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டில் வந்த இஸ்லாமிக் அகாடமி தீர்ப்பையொட்டி, மாநிலந்தோறும் கட்டண நிர்ணயக் குழுக்கள் அமைந்தன.

1990களின் பிற்பகுதியில் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வைத் தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்கி அலைய வேண்டியிருந்தது. ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை, ஒரே இடத்தில் தேர்வு என்ற ஏற்பாடு அந்தச் செலவைக் குறைத்தது. வெளியூர் மாணவரும் உடன் வரும் ஒருவரும் கலந்தாய்வுக் கடிதத்தைக் காட்டி அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணத்தில் சென்னைக்கு வரலாம். 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடப்பதால் அந்தப் பயணமும் தேவையற்றதாகிவிட்டது.

ஆனால் நுழைவுத் தேர்வுக்கென்று தனிச் செலவு ஒன்று உருவானது. பிளஸ் 2 தேர்வு முடிந்ததும் நகரங்களில் சில வாரப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. அதற்குக் கட்டணம் செலுத்தி, விடுதியில் தங்கிப் படிக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இடையிலான வேறுபாடு 100 மதிப்பெண்ணில் வெளிப்பட்டது. கிராமப்புற மாணவருக்கு 15 விழுக்காடு இடம் ஒதுக்கும் முயற்சியும் நடந்தது. அது நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை.

நுழைவுத் தேர்வு ஒழிப்பு

2005ஆம் ஆண்டில் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வை நீக்கி ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பல கல்வி வாரியங்களில் படித்தவர்கள் போட்டியிடும்போது பொதுவான அளவுகோல் வேண்டும் என்ற மத்திய அமைப்புகளின் விதியே முதன்மைத் தடையாக இருந்தது. 2006 தொடக்கத்தில் இயற்றப்பட்ட சட்டமும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. எனவே 2006இலும் தேர்வு நடந்தது.

அதன்பின் வந்த கருணாநிதி அரசு, கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்தது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்செய்யும் முறையை அக்குழு முன்வைத்தது. எடுத்துக்காட்டாக, இயற்பியலில் மாநில வாரியத்தின் உயர்ந்த மதிப்பெண் 100 என்றும் மற்றொரு வாரியத்தின் உயர்ந்த மதிப்பெண் 90 என்றும் கொள்வோம். அந்த வாரியத்தில் 60 பெற்றவரின் மதிப்பெண் 66.67 எனக் கணக்கிடப்படும். இம்முறையை உள்ளடக்கிய சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2007-08 சேர்க்கை முதல் நடைமுறைக்கு வந்தது. உயர் நீதிமன்றமும் இச்சட்டத்தை ஏற்றது.

இம்மாற்றம் பயிற்சி வகுப்புச் செலவை முற்றாக ஒழித்தது என்று சொல்லிவிட முடியாது. பிளஸ் 2 மதிப்பெண் ஒன்றே அளவுகோல் ஆனபோது, அந்த மதிப்பெண்ணை வாங்கித் தரும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு மதிப்புக் கூடியது. நாமக்கல் வட்டாரத் தனியார் பள்ளிகள் இதற்குப் பெயர்பெற்றன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு நடத்தும் பழக்கமும் பரவியது. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இது ஒரு காரணம். எனினும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவர், தன் பாடநூலை மட்டும் நம்பிப் போட்டியிட வாய்ப்பிருந்த காலம் இது.

நீட் தேர்வு

மருத்துவப் படிப்புக்கான தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு முதன்முதலாக 2013 மே 5 அன்று நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2016இல் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. இந்திய மருத்துவக் குழுச் சட்டமும் திருத்தப்பட்டது. மாநில அரசுகளின் இடங்களுக்கு அந்த ஓராண்டு மட்டும் விலக்குக் கிடைத்தது.

2017இல் தமிழ்நாடு சட்டமன்றம் விலக்குக் கோரி நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. மாநில வாரிய மாணவருக்கு 85 விழுக்காடு இடம் ஒதுக்கிய ஆணையும் நீதிமன்றத்தில் தோற்றது. ஆகஸ்டு 22 அன்று, நீட் தரவரிசைப்படியே சேர்க்கை நடத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. பிளஸ் 2 தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்த அரியலூர் மாவட்ட மாணவி அனிதா அந்த வழக்கில் தன் நிலையை எடுத்துரைத்தவர். செப்டம்பர் 1 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டது மாநிலத்தையே உலுக்கியது.

2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு நீட்டின் விளைவுகளை ஆராய்ந்தது. 2020-21இல் தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர், ஒருமுறைக்கு மேல் தேர்வெழுதியவர்கள் என அதன் அறிக்கை காட்டியது. நீட்டுக்கு முன்பு இது 12 விழுக்காட்டளவில் இருந்தது. திரும்ப எழுதுவது என்றால் ஓராண்டு வருமானமின்றி வீட்டிலோ பயிற்சி மையத்திலோ இருப்பது. பயிற்சிக் கட்டணத்துடன், காத்திருக்கும் அந்த ஓராண்டும் குடும்பத்தின் செலவுக் கணக்கில் சேர்கிறது.

நீட் ஆதரவாளர்கள் வேறொரு கணக்கைக் காட்டுகின்றனர். முன்பு தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனித்தனித் தேர்வுகளை நடத்தின. ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கட்டணமும் பயணச் செலவும் தேவைப்பட்டன. சேர்க்கையில் வெளிப்படைத் தன்மையும் குறைவு. ஒரே தேர்வு இவற்றைக் குறைத்தது என்பது அவர்கள் வாதம். 2021இல் நிறைவேறிய விலக்கு மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2022இல் மீண்டும் நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025இல் அறிவிக்கப்பட்டது.

செலவைத் தாங்கும் திட்டங்கள்

தேர்வு முறை பற்றிய வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோதே, கட்டணச் சுமையைக் குறைக்கும் திட்டங்களும் படிப்படியாக வந்தன.

வங்கிக் கல்விக் கடன்: இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் 2001இல் வந்தது. 4 இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. 2009இல் ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்திற்கு மிகாத குடும்பங்களுக்கு, தொழிற்கல்வி படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் தொடங்கியது. அசலைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு மாணவருடையதே.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை: 2010-11 முதல், குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லாத மாணவர் ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வியில் சேர்ந்தால், நிர்ணயிக்கப்பட்ட கல்விக் கட்டணத்தை அரசு செலுத்துகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவருக்கு இது பொருந்தாது. அண்ணனோ அக்காளோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தாலும் சலுகை கிடையாது.

7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு: நீதிபதி பொ. கலையரசன் குழுவின் பரிந்துரையை அடுத்து, 2020இல் மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளி மாணவரே மருத்துவம் சேர்ந்தனர். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து இந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. 2021இல் நீதிபதி த. முருகேசன் குழுவின் பரிந்துரைப்படி, பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

மாத உதவித்தொகை: அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது.

வரலாறு காட்டுவது

நேர்காணலில் செல்வாக்கும், நுழைவுத் தேர்வில் குறுகிய காலப் பயிற்சியும், பிளஸ் 2 முறையில் பள்ளிக் கட்டணமும், நீட் முறையில் மறுமுறை எழுதும் ஆண்டும் ஏழைக் குடும்பத்தைத் தடுத்தன. அளவுகோலை மாற்றினால் மட்டும் செலவு மறைவதில்லை. அது வேறொரு வாசலில் போய் நிற்கிறது. தேர்வு முறையுடன் கட்டணப் பொறுப்பையும் அரசு சேர்த்து ஏற்ற இடங்களில்தான் அரசுப் பள்ளி மாணவரின் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்தது. 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இதற்குச் சான்று.

இன்றைய மாணவருக்கு இந்த வரலாற்றில் நடைமுறைப் பயனும் உண்டு. நுழைவுத் தேர்வு எல்லாப் படிப்புக்கும் தேவைப்படுவதில்லை. மாநிலக் கலந்தாய்வு வழியிலான பொறியியல், வேளாண்மை, ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, அரசுக் கலை அறிவியல் கல்லூரிப் படிப்புகள் ஆகியவற்றுக்குப் பிளஸ் 2 மதிப்பெண் போதும். மருத்துவத்துக்கு நீட்டும், ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. தேர்வும், மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகள் பலவற்றுக்கு கியூட் தேர்வும் வேண்டும். எந்தத் தேர்வை எழுதுவது என்று முடிவு செய்யும்போதே, கல்விக் கட்டணம், விடுதி, உணவு, பயணம், நூல்கள் ஆகியவற்றின் முழுப் படிப்புக்கால மொத்தத்தையும் எழுதிப் பார்ப்பது நல்லது. முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்ந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் திணறுவது வழக்கமாக உள்ளது.

சலுகைகள் பெரும்பாலும் சேர்க்கை வழியைப் பொறுத்தே கிடைக்கின்றன. கலந்தாய்வில் கிடைத்த இடத்தை விட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால், அதே கல்லூரியில் அதே படிப்புக்கு முழுக் கட்டணத்தையும் குடும்பமே செலுத்த நேரும். சாதி, வருமானம், முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகிய சான்றுகளைப் பிளஸ் 2 தேர்வு முடிவு வரும் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்வது பயன் தரும். உரிய நேரத்தில் கையில் இல்லாத ஒரு சான்றிதழால், சட்டம் தந்த உரிமை ஓர் ஆண்டு முழுவதும் கைநழுவிப் போகக்கூடும்.