பூட்டியின் பெயரைத் தேடி

எமது பூட்டி மடுல்சீமையில் கொழுந்தெடுத்தவர். அவர் பிறந்தது இங்கேயா, அக்கரையிலா என்று சொல்ல வீட்டில் எவரும் மிஞ்சவில்லை. ஆகவே குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளிலிருந்து தேடத் தொடங்கினோம்.

இலங்கையின் முதலாவது மதிப்பீடு 1871இல் நடந்தது. அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1869இல், கோப்பியை அழித்த இலைநோய் இந்நாட்டில் முதன்முதலில் கண்டறியப்பட்டது நமது மடுல்சீமைப் பகுதியில்தான். நோய்க்கு விஞ்ஞானப் பெயர் சூட்டி ஏட்டில் ஏற்றினார்கள். அந்தக் காட்டில் கோப்பிப் பழம் பறித்த பெண்களோ மதிப்பீட்டு அறிக்கையில் வெறும் தொகை. 1911இல் இந்தியத் தமிழரை முதன்முதலாக வேறாகக் கணக்கிட்டபோது சுமார் 5 இலட்சத்து 31 ஆயிரம் பேர் இருந்தனர். லயத்தில் பிறந்த குழந்தையும் அந்த நிரலுக்குள்தான். பூட்டியும் சிறுமியாக அதற்குள் இருந்திருக்கக்கூடும்.

பழைய மதிப்பீடுகளின் வயது அட்டவணைகளில் 20, 30, 40 என்று முழு எண்களில் ஆட்கள் குவிந்திருப்பார்கள். வைத்தியரான எமக்கு இது வியப்பில்லை. வயது கேட்டால், “பெரிய வெள்ளத்துக்கு முந்திப் பொறந்தேங்க” என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் வார்ட்டில் இருக்கிறார்கள்.

1946இலும் தோட்டந்தோறும் ஆட்களை எண்ணினார்கள். மூன்றே வருடத்தில், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்டது. 1946க்கு முன் மணமானவர் 7 வருடமும் மற்றவர் 10 வருடமும் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். எண்ணிக்கையில் இருந்தது ஆதாரமாகாது. பெயருள்ள கடதாசி வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பூட்டிக்குக் கிடைக்கவில்லை.

பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 1971இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 75 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8 இலட்சத்து 19 ஆயிரமானது. சிலர் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்ததும் ஒரு காரணம். ஆனால் பெரும்பகுதி, தலைமன்னாரில் கப்பலேறியவர்கள். எமது சின்னப் பாட்டி அப்படிப் போய்க் கோத்தகிரியில் குடியேறினார்.

பூட்டியின் பெயரை எழுத்தில் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். சின்னப் பாட்டி தகரப் பெட்டியில் வைத்திருந்த பிறப்புச் சான்றிதழில், தாயின் பெயர் என்ற கட்டத்தில் இருந்தது. காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். உரக்க வாசித்தபோதுதான் அது பேச்சி என்று பிடிபட்டது.

அவருடைய பேத்தி, எமது அம்மா, நமது பள்ளிக்கூடத்தில் படித்தவர். சேர்விடாப்பில் அவருக்கும் தந்தையின் பெயர் மட்டுமே இருக்கிறது. கோத்தகிரி, கூடலூர், கனடா என்று எங்கிருந்தாலும், தோழியரே, பெட்டியிலுள்ள பழைய சான்றிதழை எறிந்துவிடாதீர்கள். தாயின் பெயர் உள்ள பக்கத்தைப் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். இடாப்போடு சேர்த்து வைப்போம்.